விண்மீன் பேரரசுகளும் எல்லைத் தமிழ்ச் செவிகளும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கிழக்கு எல்லையை ஒட்டியுள்ள பெருமாட்டி ஊராட்சியில் தமிழ் காதின் மொழியாகவும் வாயின் மொழியாகவும் வாழும் அளவுக்குக் கண்ணின் மொழியாக வாழவில்லை. பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்து, 1956-ஆம் ஆண்டின் மொழிவழி மாநிலப் பிரிவினையில் கேரளத்தின் பகுதியாக நிலைபெற்ற இந்த வட்டாரத்தில், வீட்டுப் பேச்சும் பொள்ளாச்சிச் சந்தைப் பேச்சும் தமிழிலேயே நடந்தாலும், பள்ளிக்கல்வியை மலையாள வழியில் முடித்தவர்கள் பலர் மலையாள எழுத்தைத் தடையின்றி வாசிப்பதும், தமிழ் எழுத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பதும் இயல்பாகிவிட்டது. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையைக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இலேயே வழங்கியிருக்கிறது; ஆனால் ஒரு நாவலை ஒரே மூச்சில் வாசித்து முடிக்கும் பயிற்சியை எந்தச் சட்டமும் வழங்கிவிட முடியாது. இத்தகையோருக்கு அச்சில் மூடிக் கிடக்கும் தமிழ்ப் புனைகதை, ஒலிநூலாக, அதாவது ஒருவர் முழுமையாக வாசித்துப் பதிவுசெய்த நூலாகக் கிடைக்கும்போது தானாகத் திறந்துகொள்கிறது. அந்த வாய்ப்பை மிக நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய புனைகதை வகைகளுள் ஒன்று, தமிழில் இன்னும் போதிய கவனம் பெறாத 'ஸ்பேஸ் ஓபரா' என்னும் விண்வெளிச் சாகசப் பெருங்கதை ஆகும்.

கோள்களுக்கும் விண்மீன்களுக்கும் இடையே பறக்கும் கலங்கள், பல உலகங்களை ஆளும் பேரரசுகள், அவற்றை எதிர்க்கும் கலகக்காரர்கள், தலைமுறைகள் கடந்து நீளும் பகை, ஒரு சிலரின் துணிவால் முடிவாகும் பெரும்போர் ஆகியவற்றைக் கொண்டு நெடுந்தொடராக நடக்கும் அறிவியல் புனைகதையே இப்பெயரால் குறிக்கப்படுகிறது. இப்பெயர் வானொலியிலிருந்து பிறந்தது என்பது ஒலிநூலைப் பற்றிப் பேசும்போது கவனிக்கத்தக்கது. 1930-களில் அமெரிக்க வானொலியில் பகல்நேரத்தில் ஒலிபரப்பான குடும்பத் தொடர்களுக்குச் சோப்பு நிறுவனங்கள் விளம்பரம் தந்ததால் அவை 'சோப் ஓபரா' என்று கேலியாக அழைக்கப்பட்டன. அந்தக் கேலியை அப்படியே எடுத்துக்கொண்ட வில்சன் டக்கர் என்னும் எழுத்தாளர், அரைத்த மாவையே அரைக்கும் விண்கலக் கதைகளுக்கு 1941-இல் 'ஸ்பேஸ் ஓபரா' என்று பெயரிட்டார். வசையாகத் தொடங்கிய பெயர் பின்னர், குறிப்பாக 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படம் வெளிவந்த பிறகு, மதிப்புள்ள வகைப்பெயராக மாறியது.

இவ்வகையின் தொடக்கப் படைப்பாகப் பெரும்பாலோர் சுட்டுவது, 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழில் 1928 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை தொடராக வந்த 'தி ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்' நாவலையே. நண்பர் ஒருவரின் மனைவியான லீ ஹாக்கின்ஸ் கார்பியின் துணையுடன் இதை 1915-இல் எழுதத் தொடங்கிய இ. இ. ஸ்மித், டோனட் மாவுக் கலவைகளில் தேர்ந்த உணவு வேதியியலாளர் என்பதும், எழுதி முடித்த பிறகு எட்டு ஆண்டுகள் அந்நாவல் அச்சேறாமல் கிடந்தது என்பதும் இலக்கிய வரலாற்றின் சுவையான செய்திகள். அதே 1928 ஆகஸ்ட் இதழில்தான் பிலிப் பிரான்சிஸ் நௌலன் படைத்த பக் ராஜர்ஸ் என்னும் நாயகனும் முதன்முதலாகத் தோன்றினான்; நான்கே ஆண்டுகளில், 1932-இல், அவன் அமெரிக்க வானொலித் தொடரின் நாயகனாகிவிட்டான். ஆகவே விண்வெளிச் சாகசக் கதை அச்சில் வேர்பிடித்த காலமும் ஒலியில் வேர்பிடித்த காலமும் ஏறத்தாழ ஒன்றே.

மாத இதழ்களில் தொடராக எழுதப்பட்டதால் இக்கதைகளின் கட்டமைப்பே கேட்பதற்கு ஏற்றதாக அமைந்துவிட்டது. முந்தைய இதழைத் தவறவிட்ட வாசகருக்காக நடந்ததை நினைவூட்டும் வரிகள், பாத்திரம் தோன்றும் ஒவ்வொரு முறையும் உடன்வரும் அடைமொழிகள், அடுத்த இதழ் வரும்வரை வாசகரைக் காத்திருக்க வைக்கும் முடிவுகள் ஆகிய அனைத்தும் அச்சு நூலாக ஒரே நாளில் வாசிப்பவருக்குச் சலிப்பூட்டுகின்றன என்றாலும், தென்னந்தோப்பிலோ கடலைக்காட்டிலோ வேலையின் இடையே அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று துண்டுதுண்டாகக் கேட்பவருக்கு அவையே பற்றுக்கோடாகின்றன. தமிழ் வாசகர் இதை உடனே புரிந்துகொள்வர். 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' இதே உத்திகளைக் கொண்டு எழுதப்பட்டதே. பாம்பே கண்ணன் பல குரல்களைக் கொண்டு அந்நாவலை ஒலிநூலாக்கி வெளியிட்டதும், அது தமிழ்நாட்டிலும் வெளிநாடுகளிலும் பரவலாகக் கேட்கப்பட்டதும், ஐந்து பாகங்கள் கொண்ட நெடுங்கதையைக் காதால் கேட்டு முடிக்கும் பொறுமை தமிழரிடம் குறைந்துவிடவில்லை என்பதைக் காட்டின. சோழப் பேரரசின் வாரிசுச் சிக்கலைப் பின்தொடர முடிந்த செவிக்கு, விண்மீன் பேரரசு ஒன்றின் வாரிசுச் சிக்கல் எவ்வகையிலும் கடினமானது அன்று.

பெருமாட்டியைச் சூழ்ந்த நிலப்பரப்புக்கு இந்தப் பொறுமை புதிதாக வந்ததும் அன்று. சித்தூர் வழியே ஓடும் கண்ணாடிப்புழை பறளியில் கல்பாத்திப்புழையுடன் கூடிப் பாரதப்புழையாகிறது. அந்த ஆற்றங்கரையை ஒட்டிய பத்திரகாளி கோயில்களில் நடைபெறும் தோல்பாவைக்கூத்து, மலையாள நாட்டின் நடுவே கம்பராமாயணத்தைத் தமிழ்ச் செய்யுளாகவே பாடி, தமிழும் மலையாளமும் கலந்த உரைநடையில் விளக்கம் சொல்லும் அரிய கலையாகும். கூத்துமாடம் என்னும் நிலையான மேடையில், திரைக்குப் பின்னால் 21 விளக்குகளை ஏற்றி, மான்தோலில் வெட்டிய பாவைகளின் நிழலைத் திரையில் வீழ்த்தி, 7 இரவுகள் முதல் 71 இரவுகள் வரை, கோயிலின் மரபுக்கேற்ப இது நடத்தப்படுகிறது. ஆடல்பற்று எனப்படும் இதன் பாடம் கம்பனின் பாடல்களோடு நின்றுவிடாமல், புலவர்கள் என்று அழைக்கப்படும் கூத்தர்கள் ஒருவரையொருவர் வினவியும் மறுத்தும் மணிக்கணக்கில் விரித்துச் செல்லும் உரையையும் உள்ளடக்கியது. இலக்கணம், சோதிடம், புராணக் கிளைக்கதை என்று எங்கெங்கோ சென்று அந்த உரை மூலக்கதைக்குத் திரும்பும். இக்கூத்தை ஆராய்ந்து 1996-இல் நூல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், மாடத்தின் எதிரே பார்வையாளர் எவரும் இல்லாத இரவுகளிலும் கூத்து முழுமையாக நடப்பதைக் கண்டு, கூத்தர்களே ஒருவருக்கொருவர் கேட்பவர்களாக இருப்பதை விளக்கினார். தாரிகன் என்னும் அசுரனோடு தான் போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம–இராவணப் போரைக் காணமுடியாமல் போன பத்திரகாளிக்காகவே இக்கதை நிகழ்த்தப்படுகிறது என்பது மரபு கூறும் காரணம். கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலையைச் சுருக்கிக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தார். அவருடைய மகன் இராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கிழக்கே கொங்கு நாட்டில் இதற்கு இணையாக நிற்பது, பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தாரின் கதையைப் பல இரவுகளுக்கு உடுக்கடித்துப் பாடும் அண்ணன்மார் கதை மரபு. பிரெண்டா பெக் என்னும் மானிடவியலாளர் 1965-இல் கோவைப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் இக்கதையை முழுமையாக ஒலிநாடாவில் பதிவுசெய்தார். ஆய்வுக்காகச் செய்யப்பட்டதாயினும், தமிழின் மிகப் பழைய நெடும் ஒலிப்பதிவுகளுள் ஒன்றாக அதைக் கருத இடமுண்டு. மலையாள மரபிலும், கவிஞர் எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம் சித்தூரிலேயே உள்ளது. அவருடைய 'அத்யாத்ம ராமாயணம்' ஒரு கிளி சொல்லக் கேட்பதாகப் பாடப்பட்டு, ஆண்டுதோறும் கர்க்கடக மாதத்தில் வீடுதோறும் உரக்க வாசிக்கப்படுகிறது. விண்ணில் மறைந்து நின்று போரிடும் இந்திரசித்தனையும் வான்வழி செல்லும் புட்பகத்தையும் காட்டி, நம் முன்னோர் விண்கலம் அறிந்திருந்தனர் என்று வாதிடும் வீண்வேலை இங்கே தேவையில்லை. வானில் நடக்கும் போரையும் பல உலகங்களையும் ஒரு குரலின் வழியே மனத்தில் கட்டியெழுப்பிக்கொள்ளும் பழக்கம் இந்த வட்டாரச் செவிக்கு உண்டு என்பதே பொருட்படுத்தத்தக்க செய்தி.

விண்வெளிப் பெருங்கதைகள் அனைத்தும் காதுக்கு ஒரே அளவில் இணங்குவதில்லை. ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' கதைகள் 1942 முதல் இதழ்களில் வெளிவந்து, 1951, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்களாகத் தொகுக்கப்பட்டன. வீழ்ச்சியடையவிருக்கும் விண்மீன் பேரரசுக்குப் பின் முப்பதாயிரம் ஆண்டுகள் நீடிக்கக்கூடிய இருண்ட காலத்தை ஓராயிரம் ஆண்டாகக் குறைக்க, மக்கள் திரளின் போக்கைக் கணக்கிட்டு முன்கூறும் 'உளவரலாறு' என்னும் கற்பனை அறிவியலைக் கொண்டு ஹாரி செல்டன் என்னும் அறிஞர் திட்டம் தீட்டுவதே அதன் கரு. ரோமப் பேரரசின் வீழ்ச்சியை விவரித்த கிப்பனின் வரலாற்று நூலே இதற்குத் தூண்டுதல். பெரிய போர்கள் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடந்து முடிய, முன்னால் நடப்பதெல்லாம் அறைக்குள் இருவரோ மூவரோ செய்யும் வாதமாக இருப்பதால், அச்சில் சிலருக்கு உலர்ந்ததாகத் தோன்றும் இந்நூல் ஒலியில் உயிர்பெறுகிறது. பிபிசி வானொலி 1973-இல் இம்மூன்று நூல்களையும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொண்ட எட்டுப் பகுதிகளாக நாடகமாக்கியபோது அதிகம் திணறாமல் முடிந்ததற்கு இதுவே காரணம்.

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' (1965) இதற்கு நேர்மாறான சிக்கலைத் தருகிறது. பாலைக் கோள் ஒன்றில் கிடைக்கும் அரிய பொருளுக்காகப் பெருங்குடிகள் மோதும் இந்நாவலில் அரபு மொழிச் சாயல் கொண்ட சொற்களும் குலப்பெயர்களும் நிறைந்திருப்பதால், அச்சு நூலின் இறுதியில் சொல்லகராதியே இணைக்கப்பட்டுள்ளது. கேட்பவருக்கோ பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் வசதி இல்லை. சுமார் 21 மணி நேரம் ஓடும் இதன் ஒலிநூலைக் கேட்பவர் முதல் இரண்டு மணி நேரத்தைப் பொறுத்துக்கொண்டால், அடிக்கடி கேட்கும் பெயர்கள் தாமாகவே நினைவில் படிந்துவிடுகின்றன. தொடக்கத்திலேயே எல்லாப் பெயர்களையும் பிடித்துவைக்க முயல்பவர்களே பாதியில் கைவிடுகின்றனர். ஸ்மித்தின் 'லென்ஸ்மேன்' வரிசை நடுவே நிற்கிறது. போர்க்களக் காட்சிகள் கேட்கக் கேட்க வேகம் கூடுபவை. ஆனால் கலத்தின் உந்துவிசை பற்றிய நீண்ட விளக்கங்களும், பத்துப் பன்னிரண்டு இலக்க எண்களும் காதில் விழுந்த அடுத்த நொடியே மறந்துபோகின்றன. அவற்றைத் தவறவிடுவதால் கதைக்கு ஒரு குறையும் நேராது.

பல குரல்களும் இசையும் வெடியோசையும் சேர்த்த நாடகவடிவம் சிறந்ததா, ஒரே குரலில் முழு நூலையும் வாசிப்பது சிறந்ததா என்னும் கேள்வி ஒலிநூல் கேட்போரிடையே எப்போதும் உண்டு. அமெரிக்கப் பொது வானொலி 1981-இல் 'ஸ்டார் வார்ஸ்' கதையைப் பதின்மூன்று பகுதிகளாக ஒலிபரப்பியபோது, திரையில் கண்ட காட்சிகளை ஓசையால் மீட்டெடுக்கும் வேலையை அது திறம்படச் செய்தது. பிபிசியில் 1978-இல் வானொலித் தொடராகப் பிறந்து அடுத்த ஆண்டில் நாவலான டக்ளஸ் ஆடம்ஸின் 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு தி கேலக்ஸி' ஒலியோசை இல்லாமல் நினைத்துப் பார்க்கவே முடியாதது. இருப்பினும் நாவலாக எழுதப்பட்டவற்றுக்கு ஒற்றைக் குரலே பொருந்தும். நாடகமாக்கும்போது வருணனை முதலில் வெட்டுப்படுகிறது. விண்வெளிக் கதையில் வருணனையை வெட்டிவிட்டால் எஞ்சுவது சண்டையும் வசனமும் மட்டுமே. விண்வெளியில் காற்றில்லாததால் வெடியோசை கேட்காது என்னும் எளிய இயற்பியலையும் நாடகவடிவங்கள் பெரும்பாலும் மதிப்பதில்லை.

ஒலிநூல் பொழுதுபோக்குக்காகத் தோன்றிய பொருள் அன்று. அமெரிக்காவில் பார்வையற்றோருக்கான நூலகச் சேவைக்கு 1931-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1934 முதல் 'பேசும் நூல்கள்' இசைத்தட்டுகளாக வழங்கப்பட்டன. பிரிட்டன் அடுத்த ஆண்டே அதைப் பின்பற்றியது. ஒலிநாடா, குறுந்தகடு, கைபேசி என்று ஊடகம் மாறியபோது கேட்போர் கூட்டம் விரிந்தது. 2005-இல் தொடங்கப்பட்ட லிப்ரிவாக்ஸ் என்னும் அமைப்பு, காப்புரிமை தீர்ந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவுசெய்து இலவசமாக வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. ஸ்மித்தின் நாவல்கள் சில அங்கே ஆங்கிலத்தில் கேட்கக் கிடைக்கின்றன. ஸ்டோரிடெல் 2017-இலும் ஆடிபிள் 2018-இலும் இந்தியாவுக்கு வந்தன. இவற்றைக் காட்டிலும் எல்லை ஊர்களின் பார்வையற்றோருக்குப் பயன்தரக்கூடியது, 2012-இல் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டம். மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ள அது இடமளிக்கிறது. இதே நோக்கம் கொண்ட மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே.

மற்றவர்களுக்கான ஒலிநூலைப் பொறுத்தவரை காப்புரிமைக் கணக்கு தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கம் முதல் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. அமெரிக்காவில் கணக்கு வேறு என்பதால், அங்கே இலவசமானது இங்கும் இலவசம் என்று கொள்ளக் கூடாது. 1992-இல் மறைந்த அசிமோவின் எழுத்துகள் 2052 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டவை. 1986-இல் மறைந்த ஹெர்பர்ட்டின் எழுத்துகள் 2046 வரை. செவ்வாய்க் கோளைக் களமாகக் கொண்டு 1912-இல் 'எ பிரின்சஸ் ஆஃப் மார்ஸ்' கதையைத் தொடங்கிய எட்கர் ரைஸ் பரோஸ் 1950-இல் இறந்துவிட்டதால், அவருடைய நூல்களை மொழிபெயர்க்கவும் பதிவுசெய்யவும் எவருடைய இசைவும் தேவையில்லை. 1965-இல் மறைந்த ஸ்மித் தனித்து எழுதியவற்றின் உரிமைக்காலம் 2025-ஆம் ஆண்டின் முடிவு வரையே. தமிழிலேயே அறிவியல் புனைகதைக்குப் பெருவாசகரை உருவாக்கிய சுஜாதா 2008-இல் மறைந்தார் என்பதால், அவருடைய படைப்புகளைப் பதிவுசெய்ய உரிமையாளரின் இசைவைப் பெற்றாக வேண்டும். அவருடைய புகழ்பெற்ற 'என் இனிய இயந்திரா'வும் 'மீண்டும் ஜீனோ'வும் மண்ணில் நடக்கும் வருங்காலக் கதைகள், விண்மீன் பேரரசுக் கதைகள் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பு செய்பவர்கள் அச்சுக்காகச் செய்வதுபோல் செவிக்காகவும் செய்துவிட முடியாது. ஆங்கில வாசிப்பாளர் மணிக்கு ஒன்பதாயிரம் சொற்கள் அளவில் வாசிக்கிறார். தமிழில் ஒரு சொல்லே வேற்றுமையும் காலமும் இடமும் ஏற்று நீள்வதால் மணிக்கு வாசிக்கும் சொற்களின் எண்ணிக்கை குறைந்தே இருக்கும். வினைமுற்று இறுதியில் வரும் மொழியில் நீண்ட வாக்கியத்தை வாசிப்பவர் எங்கே மூச்சுவிட வேண்டும் என்பதை மொழிபெயர்ப்பாளரே முன்கூட்டித் தீர்மானித்துத் தர வேண்டும். அயல்பெயர்களைத் தமிழ் ஒலிக்கு இணங்கச் சுருக்கலாம். ஆனால் இரண்டு பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்குமாறு விடக் கூடாது. கணினி உருவாக்கும் செயற்கைக்குரலை நாடுவோர் பெருகிவிட்டனர்; செய்திக்கு அது போதும், ஆனால் வல்லினம் சொல்லின் இடத்துக்கேற்ப ஒலிமாறும் தமிழில், முன்பின் கேட்டிராத கோள்களின் பெயர்களை அது ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமாக உச்சரித்துக் கதையைக் குலைத்துவிடக்கூடும். பெருமாட்டியின் தமிழில் கொங்குச் சாயலும் மலையாளச் சொற்களும் கலந்திருப்பதைக் குறையாகக் கருதி வாசிப்பாளர்களை விலக்குவதும் தவறு. பேரரசின் தலைநகரத்தாரும் எல்லைக்கோள் மக்களும் வேறுவேறாகப் பேசும் கதைகளுக்கு, எல்லைத் தமிழ் ஒன்று கைவசம் இருப்பது நற்பேறே.

பி. என். பணிக்கர் 1945-இல் தொடங்கிவைத்த நூலக இயக்கத்தின் பயனாகக் கேரளத்தில் ஊர்தோறும் வாசகசாலைகள் இயங்குகின்றன. சித்தூர் வட்டத்திலும், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் உள்ள வாசகசாலைகள் தமிழ் நூல்களுக்கு ஓர் அலமாரி ஒதுக்குவதோடு, ஒரு நல்ல ஒலிவாங்கியையும், ஓசை புகாத ஒரு சிறு அறையையும், தமிழாசிரியர் ஒருவரின் மேற்பார்வையையும் ஏற்பாடு செய்துகொண்டால் இப்பணியைத் தொடங்கிவிடலாம். தொடங்குவதற்கு நெடுந்தொடர் தேவையில்லை. செவ்வாயில் வீழ்ந்த விண்வெளி வீரன் ஒருவனும் பறவை போன்ற வேற்றுலக உயிர் ஒன்றும் துணையாக நடப்பதைச் சொல்லும் ஸ்டான்லி வெயின்பாமின் 'எ மார்ஷியன் ஒடிஸி' 1934-இல் வெளிவந்த சிறுகதை. ஆசிரியர் மறுஆண்டே இறந்துவிட்டதால் இந்தியாவில் அதற்கு உரிமைத்தடை ஏதுமில்லை, வாசித்து முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.